ஒறிஞ்ஞல் துவக்கு

அரியரத்தினத்துக்குப் பிரெஞ்சு வராது என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். பதினைந்து வருடமாக மொன்றியலில் இருக்கிற மனுசன். பஸ் சாரதிக்குப் பொன்ஜூர் சொல்வார், டெப்பனர் என்கிற மூலைக்கடையில் பால் வாங்கிவிட்டு மெர்சி சொல்வார். சென்ட் லோரன்டில் அவர் வேலை செய்த தளபாடத் தொழிற்சாலையில் போர்மன் கத்தினால், எதற்குக் கத்துகிறான் என்று முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவார். பாதியைக் கேட்டு மீதியைத் தானே இட்டு நிரப்பிக்கொள்வதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அவருடைய எண்ணம். அந்தக் கெட்டித்தனந்தான் அவரைக் கவிழ்த்தது.

நகரின் வடக்கே மொன்றியல்-நோரில் அவர்கள் இருந்தது இரண்டு மாடி வீடு. கீழே அரியரத்தினமும் மனைவி ஞானாம்பிகையும், ஒரு கார்டரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற மகள் வினோஜாவும். மேலே வீட்டுக்காரர் ரோலன், தனியாக. அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. மனைவி எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரேயொரு மகன் லூக், இருபத்துமூன்று வயதில், உறைந்த ஏரியைப் பனி வண்டியில் கடக்கும்போது பனிக்கட்டி உடைந்து வண்டியோடு தண்ணீருக்குள் போய்விட்டான். இவர்கள் கனடாவுக்கு வருவதற்கு முன்னே நடந்த கதை அது. ரோலன் அதைப் பற்றி ஒரேயொரு முறைதான் பேசினார், அதுவும் பாதியில் நிறுத்திவிட்டார். அவர் வீட்டுப் படிக்கட்டுச் சுவரில் இரண்டு படங்கள் தொங்கின. ஒன்றில் லூக், பல் தெரியச் சிரித்துக்கொண்டு. மற்றதில் கொரியா யுத்தத்துக்குப் புறப்பட்ட இளம் ரோலன், இராணுவ உடுப்பும் தோளில் நீட்டுத் துவக்குமாக.

ரோலனுக்கு அரியரத்தினம் பட்ட கடன் காசுக் கடன் அல்ல. அகதியாக வந்த முதல் மாசி மாதத்தில், ஏழு வயதுப் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு வீடு தேடி அலைந்தபோது, முகத்தைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தியவர்கள்தான் அதிகம். ரோலன் முகத்தைப் பார்க்கவில்லை. பிள்ளையின் காலைப் பார்த்தார். வெள்ளைப் பனியில் துணிச் சப்பாத்தோடு நின்ற காலைப் பார்த்து, முதலில் உள்ளே வா என்று கையைப் பிடித்து இழுத்தார். வாடகைப் பேச்சு மூன்றாம் நாள்தான் வந்தது. இந்த மனுசனுக்கு நான் என்ன செய்வேன் என்று அரியரத்தினம் அன்றிலிருந்து நினைத்துக்கொண்டே இருந்தார்; ரோலனோ ஒன்றும் கேட்டதே இல்லை.

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு மாசிக் கடைசியில் கேட்டார்.

ரோலனின் நெஞ்சைத் திறந்து திருத்தவேண்டும் என்று வைத்தியசாலையில் நாள் குறித்துவிட்டார்கள். போவதற்கு முதல் நாள் ரோலன் அரியரத்தினத்தைப் பின்பக்கக் கராஜுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஏணி வைத்து, கூரை வளையில் தறப்பாளால் சுற்றிச் செருகியிருந்த ஒன்றை இறக்குவித்து, மேசையில் வைத்து அவிழ்த்தார். துவக்கு. கூரை ஒழுகி, வருடக் கணக்காக ஊறி, இரும்பெல்லாம் செங்கறள் பிடித்து, மரம் வெடித்து, தோல் வாரை எலி தின்று, பார்க்கவே பரிதாபமாகக் கிடந்தது. ரோலன் அதன் போல்ற்றைக் கழற்றித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அது இல்லாமல் சுடாது. பிறகு பேசத் தொடங்கினார்.

நிறையப் பேசினார். வழக்கம்போல அரியரத்தினத்துக்கு அங்கொன்றும் இங்கொன்றும் பிடிபட்டது. "கம் அவாங்" என்றார். முந்தி மாதிரி. அது விளங்கிற்று. ஒக்டோபர் என்றார். துவக்கைத் தட்டித் தட்டி, "கறாபீன் ஆ ஒறிஞ்ஞல்" என்றார். கண் கலங்கியிருந்தது. திரும்பவும் சொன்னார்: "ஒறிஞ்ஞல், அரி. கம் அவாங்."

ஒறிஜினல்! அது பிரெஞ்சா? ஊரில் கொடிகாமம் சந்தையிலேயே தெரிந்த சொல்லல்லவா அது. ஒறிஜினல் சேலை, ஒறிஜினல் மணிக்கூடு, சைக்கிளுக்கு ஒறிஜினல் டைனமோ. கிழவன் மூக்கால் பேசுகிறவன், சொல் கொஞ்சம் நசிந்து வருகிறது, வேறொன்றுமில்லை. யுத்தத்தில் தூக்கிய துவக்கைச் சாகுமுன் பழையபடி பார்க்க ஆசைப்படுகிறான் பாவம் என்று அரியரத்தினம் மீதியை இட்டு நிரப்பிக்கொண்டார். சனி பிடித்தது அந்த இடத்தில்தான்.

"உய், உய், மிஸ்யே ரோலன். ஒறிஜினல்!" என்றார் நெஞ்சில் கையை வைத்து.

அவர் சொன்னதை ரோலனும் தன் பாட்டுக்கு வேறு மாதிரிக் கேட்டிருப்பார். இரண்டு பேரும் கைகொடுத்துக்கொண்டார்கள்.

ஞானாம்பிகை தலையில் கையை வைத்தாள். "உங்களுக்கென்ன விசரே? துவக்கெல்லோ! தமிழன்ரை கையிலை துவக்கைக் கண்டால் இவங்கள் என்ன நினைப்பாங்கள்? அள்ளிக்கொண்டு போயிடுவாங்கள்."

"சும்மா இரும். சுடுற சாமானை அவர் கழட்டிக்கொண்டு போட்டார். இப்ப அது துவக்கில்லை, தளபாடம்."

"கராஜை விட்டு வெளியிலை ஒரு அடி வரப்படாது, சொல்லிப்போட்டன்."

"வராது."

அப்படிப் பகிடி விட்டாரே தவிர, அவருக்கும் உள்ளுக்குள் நடுக்கம் இருந்தது, பொலிசுக்குப் பயந்து அல்ல. இந்த வகைத் துவக்கு அவருக்குப் புதிதில்லை. யாழ்ப்பாணத்தில் பொலிஸ்காரர் கொழுவிக்கொண்டு திரிந்த அதே த்ரீ நொட் த்ரீ. பஸ் நிலையத்தில் ஒருமுறை, எதற்கென்று இன்றைக்கும் தெரியாது, அதன் பின்கட்டை அவருடைய காறை எலும்பில் இறங்கியது. எலும்பு பொருந்தியது, பொருந்தின இடம் புடைத்துக்கொண்டு நிற்கிறது. சட்டை போடும்போதெல்லாம் கை அதைத் தொட்டுவிட்டுத்தான் போகும். அந்தச் சாமானைத்தான் இப்போது தடவித் துடைத்து உயிர்ப்பிக்கவேண்டும். ரோலனுக்காக இல்லாவிட்டால் கம்பு நுனியாலும் தொட்டிருக்கமாட்டார்.

வேலையில் இறங்கினார். தொழிற்சாலை விட்டு வந்ததும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கராஜுக்குப் போய்விடுவார். எண்ணெயும் செப்புக் கம்பிப் பஞ்சுமாக இரும்பைத் தேய்த்தார். கறள் மெல்ல மெல்லச் சேறாகக் கரைந்து வர, அடியில் கருநீலம் தெரிந்தது. இலக்கங்கள் தெரிந்தன. ஒரு ஆணிக்கும் கீறல் விழாமல் கழற்றினார். இரும்பு கெட்டுப்போகவில்லை என்று கண்டதும் கைக்குள் ஒரு சந்தோசம் வந்தது. அது தொழில் தெரிந்தவன் கைக்கு வருகிற சந்தோசம், துவக்கென்றும் பாராது, தொட்டிலென்றும் பாராது.

மரத்தைப் பார்த்தபோதுதான் அவருக்குத் தலைக்கேறியது. குழல் நுனிவரை போகவேண்டிய முன்கட்டையை யாரோ பாதியில் அறுத்துத் தள்ளியிருந்தான். அறுத்ததும் நேராக அறுக்கவில்லை, வாள் கோணிக்கொண்டு போயிருந்தது. அதை மறைக்க அரத்தால் ராவி உருட்டப் பார்த்திருந்தான், அதுவும் ஒரு பக்கம் கூடிப்போயிற்று. பின்கட்டையைச் செதுக்கி மெலியவைத்து, பிடிக்கிற இடத்தில் பேனாக்கத்தியால் குறுக்கும் நெடுக்கும் கோடு கிழித்து, எல்லாவற்றுக்கும் மேலே மஞ்சள் வார்னிஷைக் கஞ்சி மாதிரி ஊற்றியிருந்தான்.

"எந்த மடையன்ரை வேலை இது? வாள் பிடிக்கத் தெரியாதவன்ரை கையிலை ஏன் வாளைக் குடுக்கிறாங்கள்? அந்தக் கை அழுகிப்போக!" என்று வாய்விட்டே ஏசினார். நல்ல வால்நட் மரம். அதை இப்படிக் கொலை செய்தவனை நினைக்க நினைக்க அவருக்கு ஆறவில்லை. மாட்டுகிற ஒவ்வொரு நாளும், கழற்றுகிற ஒவ்வொரு நாளும் ஏசினார்.

பூங்கன்றுகளுக்குத் தண்ணீர் விடச் சொல்லி ரோலன் மேல்வீட்டுத் திறப்பைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அரியரத்தினம் படிக்கட்டில் ஏறி, இளம் ரோலனின் படத்தை மட்டும் கழற்றி, பத்திரிகைத் தாளில் சுற்றிக்கொண்டு லவாலில் இருக்கிற பழஞ்சாமான் சந்தைக்குப் போனார். இராணுவத்துப் பழைய உடுப்பும் பெட்டியும் விற்கிற ஒருவன் அங்கே இருந்தான். படத்தை அவன் முன்னால் வைத்து, தோளில் இருக்கிற துவக்கைக் காட்டி, "ஒறிஜினல்" என்றார். அவனுக்கு விளங்கிற்று. கொஞ்ச நேரம் உள்ளே உருட்டிவிட்டு நீள முன்கட்டை, குழலுக்கு மேல் மூடுகிற கட்டைகள், இரும்பு வளையங்கள், தடித்த பின்கட்டை எல்லாம் கொண்டுவந்து பரப்பினான். பழையவை, ஆனால் நோகாதவை. அரியரத்தினத்துக்குக் கும்பிடவேண்டும் போலிருந்தது.

புது மரத்தைப் பொருத்தி, மயிரிழை தப்பாமல் உட்காரவைத்து, ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி ஊற்றித் தேய்த்தார். அந்தப் பங்குனியில் குளிர் விட்டுக்கொடுக்கவில்லை. கராஜுக்குள் எண்ணெய் காயமாட்டேன் என்று நின்றது. மூலையில் ரோலனின் சின்ன இரும்பு அடுப்பு இருந்தது. வெளியே அடுக்கிக் கிடந்த விறகு பனியில் ஊறிப் புகைந்ததே தவிர எரியவில்லை. மேசைக்குக் கீழே அந்த மடையன் அறுத்த மரம் கிடந்தது. காய்ந்து வறண்ட மரம். வார்னிஷ் வேறு. அரியரத்தினம் அதை மூன்று நாலு துண்டாகத் தறித்து அடுப்புக்குள் போட்டார். உடனே பிடித்து, நல்ல சூட்டோடு எரிந்தது. துலைஞ்சுது சனியன் என்று சொல்லிக் கையைத் தட்டிவிட்டு, துவக்கை அடுப்புக்குக் கிட்ட நகர்த்தினார். அன்றுதான் எண்ணெய் ஒழுங்காகக் காய்ந்தது.

எல்லாம் முடிந்து நிமிர்த்திச் சாத்தியபோது அது படத்தில் இருந்த துவக்கேதான். ஐம்பது வருடம் பின்னுக்குப் போய், இராணுவக் களஞ்சியத்திலிருந்து நேற்று இறக்கியது போல நின்றது. அரியரத்தினம் எட்ட நின்று பார்த்தார். அவருடைய தோள் தன்பாட்டில் ஒடுங்கிற்று. கண்ணெடுத்துப் பார்க்க முடியவில்லை. ஒரு பழைய படுக்கை விரிப்பால் அதை மூடினார். எனக்குப் பிடிக்காவிட்டால் என்ன, பார்க்கப் போகிறவர் ரோலனல்லவா என்று மனதைத் தேற்றிக்கொண்டு போய்ப் படுத்தார்.

ரோலன் சித்திரையில்தான் திரும்பி வந்தார். வைத்தியசாலையும், அதற்குப் பிறகு சகோதரி வீடுமாகப் பாதி ஆளாகப் போயிருந்தார். காரில் இருந்து இறங்கியவர் மேலே ஏறவில்லை. கராஜைத்தான் காட்டினார். ஞாயிற்றுக்கிழமை, வினோஜாவும் வீட்டில் நின்றாள். மூன்று பேருமாகப் போனார்கள். அரியரத்தினம் மாப்பிள்ளை அழைப்பு மாதிரி விரிப்பை இரண்டு கையாலும் பிடித்து விலக்கினார்.

"ஒறிஜினல்!" என்றார்.

ரோலன் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். சந்தோசத்தில் கிழவனுக்கு வாயடைத்துவிட்டது என்று அரியரத்தினம் நினைத்தார். பிறகு ரோலன் குனிந்து மேசைக்குக் கீழே பார்த்தார். கூரை வளையைப் பார்த்தார். வினோஜாவிடம் மெல்லிய குரலில் எதையோ கேட்டார்.

"அப்பா, பழைய மரம் எங்கையெண்டு கேக்கிறார்."

"என்ன பழைய மரம்?"

"இதிலை இருந்த மரம். லூக் அறுத்த மரமாம்."

அரியரத்தினத்துக்கு முதலில் ஒன்றும் ஏறவில்லை. ரோலன் சொல்லச் சொல்ல வினோஜா சொன்னாள். சொல்லும்போதே அவளுடைய குரல் உடைந்துகொண்டு போனது.

"இவரின்ரை அப்பா வேட்டைக்கெண்டு வாங்கிக் குடுத்த பழைய ஆமித் துவக்காம். கொரியாவிலை தூக்கின மாதிரியே இருக்கெண்டு இவர் அதைத் தொடவேயில்லையாம். கண்டாலே கை நடுங்குமாம். அதைப் பாத்திட்டுத்தான் லூக் பதினாறு வயசிலை, இந்த மேசையிலை வைச்சு, ஒருத்தருக்கும் சொல்லாமல் அறுத்தவனாம். இனி இது ஆமித் துவக்கில்லை அப்பா எண்டு சொல்லிக் கையிலை குடுத்தவனாம். பேந்து ரெண்டு பேரும் ஒவ்வொரு வருசமும் அதைக் கொண்டுதான் காட்டுக்குப் போறவையாம்."

"அவர் ஒறிஜினல் எண்டெல்லோ சொன்னவர்? நான் என்ரை காதாலை கேட்டனான்."

"ஒறிஜினல் இல்லையப்பா. ஒறிஞ்ஞல். அது மூஸ். பெரிய கொம்பு வைச்ச மிருகம். மூஸ் வேட்டைத் துவக்கு, லூக் செய்து தந்த மாதிரியே திருத்தித் தா எண்டுதான் கேட்டிருக்கிறார். வாற ஒக்டோபர் ஒரேயொருக்கா அதைக் கொண்டு காட்டுக்குப் போயிட்டு வரவேணுமாம்."

"மானோ?" என்று கேட்டார் அரியரத்தினம். அந்த நேரத்தில் அவர் வாயில் வந்தது அதுதான். "மான் மாதிரியோ?"

"மரம் எங்கையப்பா?" என்றாள் வினோஜா திரும்பவும்.

அரியரத்தினத்தின் கண் அடுப்புக்குப் போயிற்று. ரோலனின் கண்ணும் பின்னாலேயே போயிற்று. அவருக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. மெல்ல நடந்து போய், அடுப்பின் கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். திரும்பி வரும்போது அரியரத்தினத்தின் தோளில் கையை வைத்தார்.

"பா கிறாவ், அரி" என்றார். பரவாயில்லை என்று அர்த்தம். பிறகு கைபிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து மேலே ஏறிப் போனார்.

அடித்திருந்தால் தாங்கியிருப்பார். வீட்டை விட்டுப் போ என்று சொல்லியிருந்தால் பெட்டியைக் கட்டியிருப்பார். பரவாயில்லை என்ற அந்தச் சொல்லைத்தான் அரியரத்தினத்தால் தாங்க முடியவில்லை. கோப்பையில் போட்ட சோறு அப்படியே ஆறியது. வாய் ஓயாமல் ஏசுகிற ஞானாம்பிகை கூட ஏசவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஐயோ, அந்தப் பிள்ளையை நீங்கள் எவ்வளவு திட்டினியள்" என்று மட்டும் சொன்னாள். அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம். அந்தக் கை அழுகிப்போக என்று இவர் சபித்தது தண்ணீருக்குள் போன பிள்ளையின் கையை. தகப்பனின் நடுக்கம் தீரவேண்டும் என்று வாளைத் தூக்கிய கையை. அரியரத்தினம் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுதார். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலால் அது வெளியே கேட்டது.

ஒரு கிழமை மேலே சத்தமே இல்லை. அடுத்த ஞாயிறு அவர் வினோஜாவைப் பிடித்து உட்காரவைத்து ஒரு வசனத்தைப் பிரெஞ்சில் பாடமாக்கினார். பள்ளிப் பிள்ளை மாதிரி, சொல் சொல்லாக, அவள் சரி என்று சொல்லும்வரை. பிறகு தனியே படி ஏறிப் போய், கதவில் நின்றபடி ஒப்புவித்தார்: நான் அதைத் திரும்ப அறுக்கிறேன், லூக் அறுத்த மாதிரியே அறுக்கிறேன், நீங்கள் எனக்குக் காட்டித் தாருங்கள்.

ரோலன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். வந்த நாளிலிருந்து செத்துக் கிடந்த முகத்தில் ஏதோ அசைந்தது. சப்பாத்தைத் தேடிப் போட்டுக்கொண்டு, தானே முன்னால் இறங்கினார்.

துவக்கை மேசைப் பிடியில் கவ்வவைத்து, பல் நைந்த வாளைத் தள்ளிவிட்டு நல்ல வாளை எடுத்து, அரியரத்தினம் பென்சிலை நீட்டினார். "ஊ?" என்று கேட்டார். எங்கே?

ரோலன் முன்கட்டையில் ஒரு கோடு போட்டார். தள்ளி நின்று பார்த்தார். தலையை ஆட்டி, எச்சில் தொட்டு அழித்துவிட்டு, இரண்டு விரல் முன்னால் இன்னொரு கோடு போட்டார். அதுவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, இடது கையை முன்னால் நீட்டி, காட்டில் நடப்பவர்போலத் துவக்கைப் பிடிக்கிற பாவனையில் நின்றார். விரல்கள் மரத்தின் நுனியைத் தேடி முன்னும் பின்னும் போயின. கண்ணைத் திறந்து மூன்றாவது கோடு போட்டார். நாலாவது போட்டார். மரம் முழுவதும் கோடாகிவிட்டது. பென்சிலை அரியரத்தினத்திடம் நீட்டினார்.

நீதானே கடைசியாகப் பார்த்தாய், நீ சொல்லு என்றார்.

அரியரத்தினம் மரத்தைப் பார்த்தார். கிழமைக் கணக்காகக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்த சாமான். மயிரிழை தப்பாத கண் என்று பெயர் வாங்கிய கண். அந்தக் கண்ணில் ஒன்றும் இல்லை. கோபத்தில் பார்த்ததெல்லாம் பார்த்ததாகுமா? அவர் ஒரு இடத்தில் விரலை வைத்து, "இசி" என்றார். இங்கே. சுத்தப் பொய்.

ரோலன் அவருடைய விரலைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தார். உய் என்று தலையசைத்தார். அரியரத்தினம் வாளை வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். மரத்தூள் ரோலனின் சப்பாத்தில் விழுந்தது. இரண்டாம் இழுப்புக்கு முன் ரோலனின் கை வந்து அவர் கையின் மேல் அமர்ந்தது. குளிர்ந்த கை. வாளை நிறுத்திற்று.

"வேண்டாம், அரி. அவனுடைய முகமும் இப்படித்தான் போகிறது. படத்தில் சிரிக்கிற முகம் இருக்கிறது, மற்ற முகங்களைக் காணவில்லை. இந்த மரம் கையில் இருந்தால் கொஞ்சம் திரும்பி வரும் என்று நினைத்தேன்."

ரோலன் மூக்கால்தான் பேசினார், வேகமாகத்தான் பேசினார். பக்கத்தில் வினோஜா இல்லை. அரியரத்தினத்துக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கிற்று.